சின்ன ஒப்பரேசன்

கொழுந்து வாடிவிடும் என்று சொல்லித்தான் லொறியை முதலில் ஸ்டோருக்கு விட்டார்கள். தேயிலை அரைக்கிற ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் விஜயலெட்சுமி மல்லாந்து கிடந்தாள். வலது கால் கரண்டைக்குக் கீழே வேறு யாருடைய காலையோ கொண்டுவந்து ஒட்டவைத்த மாதிரி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. ஸ்டோர் வாசலில் சாக்கு சாக்காக இறக்கினார்கள், தராசில் ஏற்றினார்கள், எழுதினார்கள், ஒரு சாக்கை மறுபடியும் ஏற்றி நிறுத்துப் பார்த்தார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் டிரைவர் லொறியைப் பதுளைப் பக்கம் திருப்பினான்.

"கொழுந்து வாடிரும் லெட்சுமி. செத்தப் பொறுத்துக்க" என்று கணக்கப்பிள்ளை வீரசிங்கம் லொறித் தட்டில் கைவைத்துச் சொன்னார். கணக்கப்பிள்ளை என்றால் மலையில் நின்று வேலை வாங்குகிறவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. மேலே இருப்பவர் சொன்னதைக் கீழே சொல்வதற்கென்றே ஒரு வாய் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அவளுக்கு வலியில் பல் கிட்டியிருந்தது. ஆனால் அந்தச் சொல் மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. கொழுந்து வாடுமாம். கால் வாடாதாமா?

நமுனுகுலை மலைக்குக் கீழே இருக்கிற தோட்டம் அது. ஏழாம் நம்பர் மலையில்தான் அவள் விழுந்தாள். மழைத் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க மலைக்குக் குறுக்கே வெட்டிவிடுகிற வாய்க்காலைக் கான் என்பார்கள். கான் வெட்ட ஆள் போட்டு ஒரு மாமாங்கம் ஆயிற்று. புல் வெட்டவும் ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் ஆள் எல்லாம் செத்தா போனார்கள்? போடவில்லை. புல் வளர்ந்து கானை மூடி, தரையும் கானும் ஒன்றுபோலப் பச்சையாய்க் கிடந்தது. முதுகில் கொழுந்துப் பாரத்தோடு இறங்கியவள், தரை என்று நினைத்துக் காலை வைத்தாள். கால் கானுக்குள் நின்றது. உடம்பு மட்டும் பாரத்தோடு திரும்பியது. காய்ந்த தேயிலைக் குச்சியான மிலாறை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் கேட்டது. அடுப்புக்கு விறகு ஒடித்துப் பழகிய காது. அது என்ன சத்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாக்காம கால வச்சிட்டா" என்று வீரசிங்கம் மேலே தகவல் சொன்னார். தோட்டத்து ஆபீசிலும் அப்படியே பதிந்தார்கள். பார்க்காமல் கால் வைத்தாள். கானைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசவில்லை.

*

பதுளை ஆஸ்பத்திரியில் உடனே அறுக்கவில்லை. காலைத் தலையணை மேல் ஏற்றி வைத்து, வீக்கம் வடியட்டும் என்று காத்திருந்தார்கள். கரண்டை வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டு, நீர்க்கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பெரிய டொக்டர் சிங்களத்தில் பேசுவார். அவர் பேசியதைத் தமிழில் சொல்ல டொக்டர் றின்ஸா இருந்தாள். பதுளை டவுன் பிள்ளை. தலையில் முக்காடு, கழுத்தில் குழாய், காலில் எப்போதும் ஓடுவதற்குத் தயாரான சப்பாத்து. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேசுகிற டொக்டரை விஜயலெட்சுமி அன்றுதான் பார்த்தாள்.

"அம்மா, ஒங்கட கரண்டையில ரெண்டு பக்கமும் எலும்பு ஒடஞ்சிரிக்கி. தானா ஒட்டாது. ஒட்டினாலும் கோணலா ஒட்டும். ஒப்பரேசன் செய்யணும்."

"வெட்டுவீங்களா டொக்டரம்மா?"

"முந்தியெண்டா நீளமா வெட்டித் தொறந்து, தகடு வெச்சி மூடுவாங்க. ஒங்களுக்கு அப்பிடிச் செய்ய ஏலாது. தோல் முழுக்கக் கொப்புளம், போதாததுக்கு ஒடம்புல சீனி வருத்தம் வேற. நீளமா வெட்டினா மூடாது, சீழ் புடிச்சிரும். அதால சின்னச் சின்ன ஓட்டை போட்டு, எக்ஸ்ரே மெசின்ல பாத்துப் பாத்து, உள்ளுக்குக் கம்பியும் ஸ்க்ரூவும் விடுவோம்."

விஜயலெட்சுமி காலைப் பார்த்தாள், டொக்டரைப் பார்த்தாள். "ஓட்டை வழியா எலும்ப எப்புடிச் சேக்கிறது? கை உள்ள போகாதே."

றின்ஸா சிரித்தாள். "பாவாடைக்கு நாடா கோக்கிறதில்லையா நீங்க? ஒரு ஓரத்து ஓட்டையில சேப்டி பின்ன விட்டு, துணிக்கு மேலால தடவித் தடவி மற்றப் பக்கம் கொண்டு போறதில்லையா? அதுக்காகப் பாவாடையக் கிழிக்கிறமா?"

விஜயலெட்சுமிக்கு அது சட்டென்று விளங்கியது. அதற்குமேல் பயம் இல்லை.

இடுப்புக்குக் கீழே மரத்துப் போகிற ஊசி போட்டார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் வேலை நடந்தது. துளை போடுகிற சத்தம் கேட்டது. ஸ்டோரில் மெசின் பழுது பார்க்கிற நாளில் கேட்கிற சத்தம். அது தன் எலும்பில்தான் என்று தெரிந்தும் வலி இல்லாமல் கேட்டுக்கொண்டு கிடப்பது விசித்திரமாக இருந்தது. முடிந்த பிறகு பார்த்தால், வெளிக் கரண்டை நுனியில் ஒரு தையல், உள் கரண்டையில் இரண்டு. வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு விடுகிற நாளில் றின்ஸா வந்து உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நல்லாக் கேளுங்க அம்மா. வெளிக் காயம் கெதியா ஆறிடும். அத நம்பிடாதீங்க. உள்ளுக்கு எலும்பு ஒட்ட மூனு மாசமாவது வேணும். கட்டைக் கழட்டி வெச்சிட்டு கால மேலயும் கீழயும் ஆட்டுங்க, இல்லாட்டி மூட்டு இறுகிடும். ஒக்காரும்போது கால ஒசத்தி வெய்ங்க. ஆனா நாங்க சொல்ற வரைக்கும் நெலத்துல ஊண்டவே கூடாது. ஊண்டினா உள்ள இருக்கிற ஸ்க்ரூ ஒடையும். ஒடஞ்சா அடுத்த தடவ ஓட்டையால முடியாது, வெட்டித்தான் தொறக்கணும். வெட்டினா ஒங்கட தோல் மூடாது."

"மூடாட்டி?"

"கால எடுக்க வேண்டி வரலாம்" என்றாள் றின்ஸா.

*

தப்பு நடந்தது வேறு இடத்தில். அதைச் செய்தது விஜயலெட்சுமியின் மகள் சுபாஜினி. செய்ததும் பாசத்தில்தான்.

அவள் பண்டாரவளையில் ஷுக்ரி முதலாளியின் துணிக்கடையில் நிற்கிறாள். அம்மாவுக்காக லீவு போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய அறை வீடுகளை லயம் என்பார்கள், அதில் ஓர் அறைதான் காம்பரா. ஒப்பரேசன் முடிந்த அன்றைக்கு லயத்திலிருந்து பக்கத்துக் காம்பராப் பெரியாயி போன் எடுத்து, அழ ஆரம்பித்துவிட்டாள். கால் போயிற்று என்றே முடிவு கட்டியிருந்தாள் அவள். அந்த அழுகையை நிறுத்தத்தான் சுபாஜினி சொன்னாள்: "ஒன்னும் இல்ல பெரியம்மா. பயப்படாதீங்க. சின்ன ஒப்பரேசன்தான்."

லயத்தில் சின்ன ஒப்பரேசன் என்றால் ஒன்றே ஒன்றுதான். பிள்ளை பெற வயிற்றைத் திறந்தால் அது பெரிய ஒப்பரேசன். போதும் என்று பிள்ளை பெறுவதை நிறுத்திக்கொண்டு வந்தால் அது சின்ன ஒப்பரேசன். அதற்கு ஒரு வாரம் படுப்பார்கள், மறுவாரம் கொழுந்துக்குப் போவார்கள். அந்தக் கணக்கு எல்லா லயத்திலும் ஒன்றுதான்.

பெரியாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றவர்களிடம், "லெட்சுமிக்கு ஒன்னும் இல்லையாம். சின்ன ஒப்பரேசன்தானாம்" என்றாள்.

"இந்த வயசுலயா?" என்றாள் ஒருத்தி.

"புருசன் மொனராகலையில கரும்பு வெட்டுறான். வந்து போற தூரமாச்சே. முன்னெச்சரிக்கையா இருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

பீலிக்கரை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனால் சொல் பீலியோடு நிற்கவில்லை. வீரசிங்கத்தின் காதுக்குப் போனது. அவர் சிரிப்பைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சின்ன தொரையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்: "சின்ன ஒப்பரேசன்தானாம் தொரை."

சின்ன தொரை என்றால் பெரிய தொரைக்கு அடுத்த அதிகாரி. தோட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். பெரிய தொரையைப் பார்க்கவே முடியாது.

*

விஜயலெட்சுமியை இரண்டு பேர் கைகோத்துத் தூக்கி லயத்துப் படியேற்றினார்கள். தையல் பிரித்த பிறகு, றின்ஸா சொன்னபடி கட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு காலைப் பார்ப்பார்கள், பிறகு ஏமாந்து போவார்கள்.

"இவ்வளவுதானா?"

பெரியாயி மட்டும் ஒன்றும் கேட்காமல் சேலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். சின்ன வயதில் அவளும் கால் முறிந்து கிடந்தவள். கரண்டையிலிருந்து மேலே ஒரு முழத்துக்குத் தழும்பு, இரண்டு பக்கமும் தையல் அடையாளத்தோடு, பூரான் ஊர்கிற மாதிரி. அந்தக் கால் கோணலாகத்தான் சேர்ந்தது. இன்றைக்கும் இழுத்து இழுத்துத்தான் நடக்கிறாள். ஆனால் அந்தப் பூரானுக்குத் தோட்டத்தில் ஒரு மரியாதை இருந்தது. அதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்துத் தொரை அவளைப் பிள்ளைக்காம்பராவில், குழந்தை பார்க்கிற வேலையில் போட்டார்.

"எனக்கு ஒரு மொழம். ஒனக்கு மூனு உளுந்து" என்றாள் பெரியாயி. "ஏமாத்திப்புட்டாங்கடி ஒன்னய. ஒரு சாண் கூட்டி வெட்டுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்க வேணாமா?"

விஜயலெட்சுமி சிரித்தாள். பெரியாயி போன பிறகு சிரிப்பு நின்றது. வேடிக்கையாகச் சொன்னாலும் அது உண்மைதானே. டொக்டர்மார் கை கெட்டிக்காரத்தனமாகச் செய்த வேலைக்கு இங்கே மதிப்பில்லை. காலைக் கந்தலாக்கி அனுப்பியிருந்தால் ஐயோ என்றிருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வீரசிங்கம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"லெட்சுமி, திங்கக்கெழம பெரட்டுக்கு வந்துரு. ஏழாம் நம்பர்ல கொழுந்து முத்திப் போகுது. ஆளு பத்தல."

பெரட்டு என்றால் விடியக்காலையில் எல்லோரும் கூடி நிற்க, யார் எந்த மலைக்கு என்று பிரித்துவிடுகிற இடம்.

"டொக்டரு மூனு மாசத்துக்கு ஊண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சின்ன ஒப்பரேசனுக்கு மூனு மாசமா? எம் பொண்டாட்டி சின்ன ஒப்பரேசன் பண்ணி எட்டாம் நாளு மலைக்கி ஏறுனா."

"ஒங்க பொண்டாட்டி கால் வழியாவா புள்ள பெத்தாங்க, ஐயா?"

பக்கத்துக் காம்பராவில் பெரியாயி இருமுவது கேட்டது. இருமல் இல்லை அது. வீரசிங்கம் முகம் கறுத்துப் போய்த் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்கிட்ட வாயடிச்சி என்ன புள்ள ஆகப் போவுது? ஆஸ்பத்திரிக் கடுதாசியைச் சின்ன தொரையே படிச்சிட்டாரு. அவங்களே இங்கிலீசுல மினிமம்னோ என்னமோ எழுதியிருக்காங்களாம். மினிமம்னா என்ன? கொறஞ்சதுன்னு அர்த்தம். கொறஞ்ச ஒப்பரேசன்."

"கொறச்சலா வெட்டுனாங்கன்னு எழுதியிருப்பாங்க. கொறச்சலா ஒடஞ்சிச்சின்னா எழுதியிருக்கு?"

"எனக்கு என்னா தெரியும். வரலேன்னா பேர வெட்டச் சொல்லியிருக்காரு. யோசிச்சிக்க. ஒங்க வீட்டுல தோட்டத்துல பேரு இருக்கிற ஆளு நீ ஒருத்திதான். ஒம் புருசன் மொனராகலையில. மக கடையில. பேரு இல்லாத குடும்பத்துக்குக் காம்பரா எதுக்குன்னு நாளைக்கி ஒரு கேள்வி வரும். அப்ப நான் வந்து நிக்க முடியாது."

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். விஜயலெட்சுமி காலைப் பார்த்தாள். அது பாட்டுக்கு மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஊன்றினால் கால் போகும், ஊன்றாவிட்டால் வீடு போகும்.

புருசன் நல்லையாவுக்குப் போன் எடுத்தாள். "போயித்தான் பாரேன். சும்மா ஒரு எடத்துல நின்னு கைக்கு எட்டுறதப் பறிச்சிட்டு வா" என்றார் அவர். அவரும் வேறு என்ன சொல்வார், பாவம். ஆனால் ஏழாம் நம்பரில் சும்மா நிற்க இடம் எங்கே இருக்கிறது? ஆடு நின்றாலே ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. மகளோ, "காம்பராவும் வேணாம், ஒன்னும் வேணாம். நீங்க பண்டாரவளைக்கு வாங்கம்மா" என்றாள். அங்கே அவளே கடையில் நிற்கிற வேறு மூன்று பெண்பிள்ளைகளோடு ஒரு அறையில் படுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவளுக்குக் கோபம் உருவம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தொரை மேலா, கணக்கப்பிள்ளை மேலா, மகள் வாயில் வந்த அந்தச் சொல் மேலா? அல்லது ஆறிப்போன இந்தத் தோல் மேலேயேயா? கட்சி மாறுகிற ஆள் மாதிரித் தன் சொந்தத் தோலே எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. அவளுக்காக அழ வேண்டிய இடத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பெரட்டுக்குப் போவது என்று முடிவு செய்தாள். மலைக்கு அல்ல, பெரட்டுக்கு. அதற்கு மேல் ஒரு அடி வைப்பதில்லை.

*

கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கம் பெரியாயி பிடிக்க, அவள் பெரட்டுக்களத்துக்கு வந்து சேர்ந்தபோது பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் பனிக்கும் மழைக்கும் போடுகிற கொங்காணிப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் கையில் தேயிலைச் செடி கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தி. சின்ன தொரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அதன்மேலே சாய்ந்து நின்றார். முப்பது வயது இருக்கும். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். கட்டளை போட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

"ஆ, வந்துட்டதா" என்றார். "எங்க, காட்டு பாப்பம்."

கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் முன்னால் ஒரு கல்படி உண்டு. அதில் விஜயலெட்சுமியை உட்காரவைத்தாள் பெரியாயி. விஜயலெட்சுமி காலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்து, சேலையைக் கொஞ்சம் விலக்கினாள். சின்ன தொரை நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இதா?" என்றார். "அட்டை கடிச்ச மாதிரி இருக்கு."

வீரசிங்கம் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அட்டை கடித்த அடையாளம் இல்லாத கால் அந்தக் களத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் முழங்கால் வரை சப்பாத்துப் போட்டிருந்தார்.

"ஆட்டு கால."

ஆட்டினாள்.

"நல்லா ஆடுதுதானே. ஆடுற காலுக்கு எதுக்கு லீவு? ஏழாம் நம்பருக்குப் போ. மெல்ல பறி. அடுத்த ஆள்."

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அவர் திரும்பியும் விட்டார்.

"தொரை" என்றாள் விஜயலெட்சுமி. சத்தம் போடவில்லை. "ஒங்கள நாங்க என்னான்னு கூப்புடுறோம்?"

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன?"

"சின்ன தொரைன்னு கூப்புடுறோம். சின்னன்னு சொல்றதுனால சின்ன ஆளுன்னா நெனச்சிக்கிட்டு இருக்கோம்? நீங்க ஒரு வார்த்த சொன்னா எங்க லயத்துல அடுப்பு எரியாது. ஒப்பரேசனும் அப்புடித்தான் தொரை. சின்னங்கிறது ஓட்டைக்கி. உள்ள ஒடஞ்சதுக்கு இல்ல."

பெண்கள் பக்கம் ஒரு அசைவு ஓடியது. சின்ன தொரை சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை.

"வாய் மட்டும் நல்லா பெருசு" என்றார்.

"வாயிக்கும் ஒரு சின்ன ஒப்பரேசன் பண்ணி அனுப்பியிருக்கலாம்" என்று கொங்காணிகளுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இப்போது எல்லோரும் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சின்ன தொரைக்கு விளங்கவில்லை. அதுதான் அவருக்குக் கோபத்தைக் கொண்டுவந்தது.

"எல்லாரும் இப்பிடித்தான். நாளைக்கி எல்லாரும் காலக் கட்டிட்டு வந்து நிப்பீங்க. கண்ணுல பாத்தா ஒன்னும் இல்ல அதுல."

"கண்ணுக்குத் தெரியாது தொரை. தொட்டுப் பாருங்க."

சொல்லிக்கொண்டே அவள் காலை அவர் பக்கமாக நீட்டினாள்.

தொரைமாருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற வழக்கமே அங்கே இல்லை. காலை நீட்டுவது என்றால், அது பிறந்தது முதல் யாரும் சொல்லித்தராமலே உடம்பு தெரிந்துவைத்திருக்கிற விலக்கு. தோட்டத்தில் நாய்கூடத் தொரையைக் கண்டால் காலை மடக்கிக்கொண்டுதான் படுக்கும்.

"ஏய், தொரைக்கு நேரா கால நீட்டாத" என்று வீரசிங்கம் பதறினார். "மடக்கு, மடக்கு."

"காலத்தானே காட்டச் சொன்னாரு? கால நீட்டாமக் கையவா நீட்டுறது? கைய நீட்டி நீட்டித்தான் இவ்வளவு காலமும் ஓடிச்சி."

சின்ன தொரை ஒரு அடி பின்னால் போனார். கால் ஒன்றும் அவரைத் தொட்டுவிடப் போவதில்லை. ஆனாலும் போனார். "வீரசிங்கம், நீ பாரு" என்றார்.

வீரசிங்கம் அவரைப் பார்த்தார், காலைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் குந்தினார். கொழுந்து பறிக்கிற ஒருத்தியின் காலை அவர் இதற்குமுன் தொட்டதில்லை. விரலை நுனியில் வைத்தார்.

"அங்க இல்லீங்க. உள்பக்கம். அந்தப் புள்ளிக்குக் கீழ அமுக்குங்க."

அமுக்கினார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அடுப்புத் தணலைத் தொட்ட மாதிரி. பிறகு தானாகவே மறுபடி விரலை வைத்தார். பக்கத்துப் புள்ளியைத் தொட்டார். வெளிக் கரண்டையையும் தடவிப் பார்த்தார். குந்தியபடியே இருந்தார்.

"என்ன?" என்றார் சின்ன தொரை.

"இரும்பு, தொரை" என்றார் வீரசிங்கம். குரல் இறங்கியிருந்தது. "ஸ்க்ரூத் தலை கையில தட்டுது. தோலுக்கு அடியில. ரெண்டு தலை. நான் சின்ன ஒப்பரேசன்னு சொன்னது தப்புங்க."

"அது மேல ஏறி நின்னா ஒடஞ்சிரும் தொரை" என்றாள் விஜயலெட்சுமி. "ஒடஞ்சா அடுத்த தடவ ஓட்டை போட மாட்டாங்க, காலையே எடுத்துருவாங்க. அப்ப நல்லாப் பெருசா, எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி ஒரு ஒப்பரேசன் ஆயிரும். அதுக்காச்சும் லீவு குடுப்பீங்களா? இல்ல, மத்தக் காலு ஆடுதேம்பீங்களா?"

பெண்கள் வரிசை நகர்ந்து, அவள் உட்கார்ந்த கல்படிக்குப் பின்னால் வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. பெரியாயி கோணல் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, சேலையைத் தூக்கித் தன் பூரானையும் காட்டிக்கொண்டு நின்றாள். அதற்கு என்ன அவசியம் என்று யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்காது.

சின்ன தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சரி. நேரம் போகுது. இது மடுவத்துல ஒக்காரட்டும். சாக்கு தைக்கட்டும். டொக்டர் சொல்ற வரைக்கும்." தயவு காட்டுகிற குரலில்தான் சொன்னார். மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

"பேரு?" என்று கேட்டாள் விஜயலெட்சுமி.

"பேரு இருக்கும்."

"ஏழாம் நம்பர்ல கான் மூடிக் கெடக்குது தொரை. நான் விழுந்தது அதுலதான். வெட்டச் சொல்லுங்க."

"பாத்து கால் வைக்கச் சொல்லு எல்லாரையும்" என்று வீரசிங்கத்திடம் சொல்லிவிட்டு, அவர் வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

*

பெண்கள் வரிசையாக ஏழாம் நம்பருக்கு ஏறினார்கள். விஜயலெட்சுமி மடுவத்தில் உட்கார்ந்து சாக்கு ஊசியில் நூலைக் கோத்தாள். காம்பரா தப்பியது. கால் தப்பியது. சந்தோசமாக இருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. தன் காலைத் தானே காப்பாற்ற, இத்தனை பேருக்கு முன்னால் அதைக் கடைச்சாமான் மாதிரி நீட்டிக் காட்ட வேண்டியிருந்ததே என்று உள்ளே காந்தியது. ஆஸ்பத்திரியில் அத்தனை பக்குவமாக, துளித் தோலைக்கூட வீணாகக் கிழிக்காமல் பார்த்தார்கள். அவர்களுக்கு அவள் யார்? இங்கே இத்தனை வருசம் கொழுந்து பறித்துக் கொடுத்த இடத்தில், இரும்பைத் தொட்டால்தான் நம்புகிறார்கள். அப்போதும் கானை வெட்ட மாட்டார்கள்.

மேலே வீரசிங்கத்தின் குரல் கேட்டது. "பாத்து, பாத்துக் கால வைங்க."

பிறகு அந்தக் குரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், கவ்வாத்துக்குப் போனவர்களில் இரண்டு பேர் மம்பட்டியோடு ஏழாம் நம்பர்ப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தார்கள். தொரை சொல்லி ஏறினார்களா, வீரசிங்கமே அனுப்பினாரா, அவள் கேட்கவில்லை. கேட்டால் அதையும் ஒரு தயவாக்கிச் சொல்வார்கள்.

பகல் நிறுவைக்குக் கொழுந்து வந்தது. தலையிலும் முதுகிலுமாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். வீரசிங்கம் பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா. குத்தி இறக்காத, நசுங்கிரும். வெயில்ல வைக்காத" என்று ஒவ்வொரு சாக்குக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சாக்கை விஜயலெட்சுமியின் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள். பச்சை மணம் அடித்தது. தொட்டுப் பார்த்தாள். அந்தத் தோட்டத்தில் அதைவிட மெத்தென்று இருக்கிற சாமான் வேறு கிடையாது.

தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததில் காலில் வீக்கம் கட்டி விண்விண் என்றது. உட்காரும்போது உயர்த்தி வையுங்கள் என்று றின்ஸா சொன்னது ஞாபகம் வந்தது. விஜயலெட்சுமி இரண்டு கையாலும் காலைத் தூக்கி, மெதுவாகக் கொழுந்துச் சாக்கின் மேல் வைத்தாள். சாக்கு கொஞ்சம் அமுங்கி, காலை உள்வாங்கிக்கொண்டது.

லொறி வந்து நின்றது. எல்லாச் சாக்கையும் ஏற்றினார்கள். அந்த ஒரு சாக்கு மட்டும் மிச்சம். டிரைவர் ஹோர்ன் அடித்தான்.

வீரசிங்கம் கிட்ட வந்தார். காலைப் பார்த்தார். மூன்று புள்ளியையும் பார்த்தார்.

"கொழுந்து வாடிரும் லெட்சுமி" என்றார் தயங்கித் தயங்கி.

"செத்தப் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்றாள் அவள். காலை எடுக்கவில்லை.